எங்கள் வீட்டில் எல்லாம் நல்லாயிருக்கு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்க எனக்கு ஆசைதான். எல்லாம் கற்பனை என்று சொல்லிக்கொண்டால் எழுதுகிறவனுக்கு ஒரு மிடுக்கு உண்டு. ஆனால் இதில் வரும் கோழி நிஜம், அது வெந்த பாத்திரம் நிஜம், அந்தப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்று அம்மா கேட்ட கேள்வியும் நிஜம். அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாமல் போனதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பதில் தெரிந்தவன் எதற்குக் கதை எழுதுகிறான்? பதிலைச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவான்.

முதல் வாக்கியத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'அம்மாவின் சமையலறையிலிருந்து கிளம்பிய மணம் தெருவையே' — வேண்டாம். தெருவுக்கு வேறு வேலை இருக்கிறது. தவிர, கிளம்பியது தீய்ந்த வாடை.

'வருடக் கடைசி விடுமுறையில் உற்றார் உறவினர் ஒன்றுகூடும் இல்லத்தில் மகிழ்ச்சிக்குக் குறைவேது' — இது அழைப்பிதழ். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். நாள் முழுக்க இந்த மாதிரி வாக்கியங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறேன், வீட்டிலும் வேண்டுமா?

'எங்கள் வீட்டில் பொய் சொன்னால் அடி விழும், ஒரே ஒரு பொய்யைத் தவிர.' — இது கொஞ்சம் மினுக்குகிறது. ஆனால் உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

அந்த ஒரு பொய்யைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடப்பது ஒன்றும் புரியாது.

அப்பா தையல்காரர். கடையில் அவருக்கு இருப்பது வாயா கத்தரிக்கோலா என்று சந்தேகம் வரும். இந்த நிறம் உங்களுக்கு எடுக்காது என்பார். போன தடவைக்கு இந்தத் தடவை இடுப்பு ஏறியிருக்கிறது, துணி போதாது என்பார். அதற்காகவே அவரைத் தேடி வருகிறவர்கள் உண்டு, அதற்காகவே தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அதே மனிதர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்தான் வரும்: நல்லாயிருக்கு.

இது அவருடைய சுபாவம் என்றுதான் அம்மா நினைத்திருந்தாள். இல்லை, சட்டம். சமைத்தவர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் நல்லாயிருக்கு என்று சொல்ல வேண்டும், எப்படி இருந்தாலும். இது சட்டத்தின் முதல் பாதி. இப்படி ஒரு பேச்சு நமக்குள் இருப்பது சமைத்தவருக்குத் தெரியக்கூடாது, தெரிந்துவிட்டால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. இது இரண்டாவது பாதி. எனக்கும் தங்கைக்கும் விவரம் தெரிந்த வயதில் அப்பா கடையில் வைத்து இதைச் சொன்னார். சித்தப்பா வீட்டாருக்கும் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. சமைப்பது அவள்தானே.

[அப்பாவுக்கு எதற்கு இப்படி ஒரு சட்டம்? அவருடைய அப்பா, உப்பு ஒரு கல் குறைந்தாலும் தட்டைச் சுவரில் வீசுவாராம். அந்தச் சத்தத்தோடு வளர்ந்த பையன், தன் வீட்டில் அது கேட்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டான். இதை விரித்து ஒரு அத்தியாயம் எழுதலாம். கண்ணீர் நிச்சயம். எழுதப்போவதில்லை, இவ்வளவு தெரிந்தால் போதும்.]

சட்டத்தில் ஒரு வினோதம் இருக்கிறது. அதை அறிந்த யாரும் பிறகு சமைத்து நிம்மதியாக இருக்க முடியாது. தங்கை முதல் முதலாகச் சமைத்த அன்று எல்லோரும் ஒரே குரலில் நல்லாயிருக்கு என்றோம். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய் அழுதாள். நான் ஒருமுறை முட்டை பொரித்தேன், அப்பா நல்லாயிருக்கு என்றார், அன்றோடு அடுப்பைவிட்டு விலகினேன். ஆக, அந்தச் சொல்லை அப்படியே நம்பக்கூடியவள் வீட்டில் அம்மா ஒருத்திதான். தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை வரும்வரை.

3

கோழிக்கு வருவோம்.

வருடக் கடைசி விடுமுறைக்கு எல்லோரும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அம்மா பெரிய பாத்திரத்தில் வெங்காயம் வதக்கி, கோழியும் உருளைக்கிழங்கும் போட்டு, மூடியைக் கவிழ்த்துவிட்டு, வாசலுக்குப் போய்விடுவாள். வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்காவிட்டால் அவளுக்கு மனசு ஆறாது. சித்திக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். ரேடியோ சித்தி படியேறினால் செய்தி முடிந்துதான் உள்ளே வருவாள். அதற்குள் பாத்திரத்தின் அடி பிடித்திருக்கும். அம்மா ஓடிவந்து ஒரு கிளறு கிளறித் தண்ணீர் ஊற்றுவாள். அடியில் கருகியது மேலே வந்து எல்லாவற்றோடும் கலக்கும். பிறகு பரிமாறுவாள், எப்படி இருக்கு என்று கேட்பாள், நல்லாயிருக்கு என்போம். அடுத்த வருடமும் அப்படியே செய்வாள். யாரும் குறை சொல்லாத வீட்டில் செய்முறை எப்படி மாறும்?

(இங்கே ஒரு வாசகர் கையைத் தூக்குவது தெரிகிறது. உங்கள் அம்மாவுக்கு நாக்கு இல்லையா, அவளும் சாப்பிடுகிறாள்தானே என்கிறார். நியாயமான கேள்வி. காலையிலிருந்து அந்த ஆவியில் நின்றவளுக்கு அதை வாயில் வைக்கப் பிடிக்காது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு ஒரு துண்டு ரொட்டியும் ஒரு டம்ளர் தேநீரும்தான் அன்று அவள் சாப்பாடு. நிறைய வீடுகளில் சமைப்பவர்கள் இப்படித்தான் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.)

(இன்னொன்று. எங்கள் வீட்டில் அவரவர் தட்டை அவரவரே வழித்துக் கழுவ வேண்டும். விடுமுறை நாளில் மட்டும் குப்பைக் கூடையை அப்பாவே கட்டி எடுத்துக்கொண்டு போவார். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. எழுதும்போதுதான் யோசிக்கிறேன்.)

4

மாப்பிள்ளையை எழுதுவதில் எனக்குச் சிக்கல் இருக்கிறது. அவர் நல்லவர். கதையில் நல்லவர்களை எழுதினால் உப்புச் சப்பில்லாமல் போய்விடும். முதல் வரைவில் அவருக்கு ஒரு குடிப்பழக்கம் கொடுத்துப் பார்த்தேன். தங்கை படித்துவிட்டு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. எடுத்துவிட்டேன். இப்போது அவர் இருப்பதுபோலவே இருக்கிறார்: ஓட்டல் சமையல்காரர், பெரிய கை, சின்னக் குரல், யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுப்பைப் பார்க்கிறவர்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் விடுமுறை இது. "அத்தை, இந்தத் தடவை நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று சமையலறைக்குள் நுழைந்தார். அம்மா முதலில் மறுத்தாள், பிறகு வாசலில் நிம்மதியாக நிற்கலாமே என்று விட்டுக்கொடுத்தாள். மாப்பிள்ளை பாத்திரத்தைவிட்டு நகரவில்லை. அடி பிடிக்கவில்லை, கிழங்கு கரையவில்லை, எதுவும் எதோடும் தப்பாகக் கலக்கவில்லை. பரிமாறிவிட்டுக் கைகட்டி நின்றார்.

எப்படி இருக்கு என்று அவர் கேட்கக்கூட இல்லை. அம்மாவே கேட்டாள், எல்லாரையும் பார்த்து. சித்தப்பா, சித்தி, தங்கை, நான், அப்பா எல்லோரும் வரிசையாக நல்லாயிருக்கு என்றோம்.

மாப்பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓட்டலில் சாப்பிடுகிற இடத்துக்கும் சமைக்கிற இடத்துக்கும் நடுவே ஒரு ஜன்னல்தான். அந்த ஜன்னல் வழியாகத் தன் காதுக்குப் புகார் மட்டும்தான் வரும் என்றார். காரம் அதிகம், ஆறிப்போச்சு, முடி கிடந்தது. நல்லாயிருக்கு என்று ஒருவர்கூட எழுந்து வந்து சொன்னதில்லையாம். இனி வருடா வருடம் இந்த நாளில் நான்தான் சமைப்பேன் என்று அறிவித்துவிட்டார்.

நாங்கள் தட்டைப் பார்த்தோம். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எப்படி எழுதினாலும் தப்பாக வருகிறது. சந்தோஷம்தான், ஆனால் இத்தனை வருடமாக அது தன்னுடைய நாள் என்று நினைத்திருந்தவளின் சந்தோ —

வேண்டாம். சிரித்தாள்.

5

மறுநாள் காலை ரேடியோ சித்தி ஒலிபரப்பைத் தொடங்கினாள். தொலைபேசியில் அம்மாவிடம் ஒரே புலம்பல். கோழியா அது, ஓட்டல் கோழி, உங்க கைமணம் அதுல ஏது அக்கா என்றாளாம். அம்மா முகம் மலர்ந்து இதை என்னிடம் சொன்னாள்.

(சித்தியை இந்தக் கதையில் வைத்துக்கொள்ளவா வேண்டாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். அவள் சொன்னதும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதா, இல்லை மனசார வந்ததா? எனக்குத் தெரியவில்லை. தெரியாததாலேயே வைத்துக்கொள்கிறேன்.)

தங்கைக்கு வேறு கவலை. வருடக் கடைசிதான் ஓட்டலில் கூட்டம் அலைமோதும் நாள். இந்த வருடமே கெஞ்சிக் கூத்தாடித்தான் விடுப்பு வாங்கியிருந்தார் மாப்பிள்ளை. இனி ஒவ்வொரு வருடமும் வேண்டும், தராவிட்டால் வேலையே வேண்டாம் என்று அன்றைக்கே முதலாளிக்குப் போன் செய்து சொல்லப்போகிறாராம். யாருக்கும் பிடிக்காத ஒரு கோழிக்காக மனுஷன் பிழைப்பை விடலாமா? யாராவது அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று அவள் கேட்கவில்லை. நேராக என் சட்டையைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் தள்ளிவிட்டாள். பிழை கண்டுபிடித்துத்தானே சம்பளம் வாங்குகிறாய் என்பது அவள் வாதம்.

6

மாப்பிள்ளை பெரிய பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்தேன். வானிலை பேசினேன், ஓட்டலைப் பற்றிக் கேட்டேன். கடைசியில் வேறு வழியில்லாமல் சட்டத்தைச் சொன்னேன். முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும். அப்பாவின் அப்பாவைப் பற்றியும் சொன்னேன்.

தேய்ப்பதை நிறுத்தவில்லை அவர்.

"தெரியும் மச்சான்," என்றார். "குப்பைக் கூடை பக்கத்துலதான் நின்னேன். எல்லார் தட்டுலயும் மிச்சம் இருந்துச்சு. வாய் ஒண்ணு சொல்லுது, தட்டு ஒண்ணு சொல்லுது. எங்க தொழில்ல தட்டைத்தான் நம்பணும். ஆனா ஒரு நாளாவது வாயை நம்பிப் பாக்கலாமேன்னு இருந்துச்சு."

என்ன குறை என்று கேட்டார், தெரிந்துகொள்ளும் ஆர்வத்தில்தான். குறை ஒன்றும் இல்லை என்றேன். அது உண்மை. எங்களுக்குத் தெரிந்த கோழி கருகியிருக்கும், இது கருகவில்லை, அவ்வளவுதான். அவர் சிரித்துவிட்டார். முதலாளிக்குப் போன் செய்யப்போவதில்லை என்றார், முடிகிற வருடம் சாப்பிட மட்டும் வருகிறேன் என்றார். விஷயம் இத்தனை சுலபமாக முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. கதைக்கு ஒரு சண்டை கிடைக்கும் என்று பார்த்தேன்.

திரும்பினால், பின்கட்டுக் கதவருகில் அம்மா. கையில் வெங்காயக் கூடை. எப்போதிலிருந்து நின்றாள் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

7

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். இதுவரை வந்தது வேடிக்கை. மாப்பிள்ளை தப்பித்தார், தங்கை தப்பித்தாள், சுபம். ஒரு மாத இதழ் இவ்வளவோடு வாங்கிக்கொள்ளும்.

அம்மா கூடையை மேஜைமேல் வைத்தாள்.

"அப்ப எனக்குச் சொன்னதும் அதானா?"

நான் அம்மா என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் மாட்டிக்கொண்டால் அவன் முகம் எப்படி இருக்கும் என்று அன்று மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. ஒரு கணக்கை மறுபடி கூட்டிப் பார்க்கிறவள்போல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"கோபமெல்லாம் இல்லடா. தெரிஞ்சுக்கணும்னு இருக்கு. இத்தனை வருஷம் சமைச்சிருக்கேன். எனக்குச் சமைக்க வருமா, வராதா?"

உங்கள் சமையல் எனக்குப் பிடிக்கும் என்றேன். பிடிக்குமா என்று கேட்கவில்லை என்றாள்.

[என் பக்க நியாயத்தை இங்கே எழுதிவிடுகிறேன். அச்சகத்தில் ஒருவர் எழுதியதை அவரையே திருத்தவிடமாட்டோம். பழகின கண்ணுக்குப் பிழை தெரியாது. என் நாக்கும் அப்படித்தான். அது பேசக் கற்றதற்கு முன்பே அம்மாவின் சமையலைச் சாப்பிடக் கற்றது. உலகத்தில் மற்ற எல்லாச் சாப்பாட்டையும் நான் அதை வைத்துத்தான் அளக்கிறேன். அளவுகோலை எதை வைத்து அளப்பது? இப்படியெல்லாம் அன்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அம்மா கேட்டதற்கு அது பதில் இல்லை.]

அம்மா மாப்பிள்ளையிடமிருந்து பாத்திரத்தை வாங்கினாள். வெங்காயம் நறுக்கினாள். சும்மா ஒரு நாளில், விருந்தாளி யாரும் இல்லாத வீட்டில், அதே கோழியைச் சமைக்கத் தொடங்கினாள். மாப்பிள்ளை அடுப்பைக் குறைக்க ஒரு தடவை கையை நீட்டினார். வேண்டாம் மாப்பிள்ளை, எப்பவும் செய்யற மாதிரியே செய்யணும் என்றாள். மூடியைக் கவிழ்த்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றாள். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தே நின்றாள். சித்தியின் செய்தி முடியும் நேரத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். வாடை வந்த பிறகுதான் உள்ளே வந்தாள், கிளறினாள், தண்ணீர் ஊற்றினாள்.

பிறகு என்னைப் பார்த்து, கடையிலிருந்து அப்பாவைக் கூட்டிவரச் சொன்னாள்.

8

அப்பா தோளில் அளவு நாடாவோடு வந்து உட்கார்ந்தார். விவரத்தை வழியிலேயே நான் சொல்லிவிட்டேன். அவர் நடையை மெதுவாக்கினார்.

"கடையில துணியப் பாத்துச் சொல்றீங்கல்ல," என்றாள் அம்மா. "அந்த மாதிரி சொல்லணும். என் சமையல் எப்படி?"

அப்பா மேஜையில் இல்லாத ஒரு நூலை எடுத்துப் போட்டார்.

"தெரியல."

"தெரியலன்னா?"

"சாப்பிட உக்காரும்போதே என்ன சொல்லணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் உக்காருவேன். அதுக்கப்புறம் வாயில என்ன போகுதுன்னு பாத்ததே இல்ல. இத்தனை வருஷமும்."

தட்டை வீசாமல் இருப்பதிலேயே குறியாக இருந்த மனுஷன், தட்டில் இருந்ததைக் கவனிக்காமலே விட்டிருக்கிறார்.

அம்மா அவருக்குப் பரிமாறினாள். இன்னொரு தட்டை எடுத்துத் தனக்கும் போட்டுக்கொண்டாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்ப இன்னிக்குப் பாத்துச் சொல்லுங்க."

9

முடிவுகளைக் கைவசம் வைத்திருக்கிறேன்.

ஒன்று: அப்பா சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கு என்கிறார், இந்தத் தடவை மனசார. தங்கைக்குப் பிடித்த முடிவு இது. ஆனால் அதே சொல் அதே வாயிலிருந்து வந்தால் மனசார என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அப்பாவின் கண்ணில் நீரைக் கொண்டுவர வேண்டும், பின்னணியில் ஏதாவது வாசிக்க வேண்டும். நமக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டு: அடிப்பிடிச்சிருக்கு என்கிறார். அம்மா வாய்விட்டுச் சிரித்துக் கரண்டியை மாப்பிள்ளையிடம் கொடுக்கிறாள். இதைச் சிபாரிசு செய்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்க்க வேண்டிவந்தவர் அவர், கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கத்தான் செய்யும்.

மூன்று: அப்பாவால் சொல்ல முடியவில்லை, குரல் உடைகிறது, விடுங்க என்கிறாள் அம்மா, இருவரும் கையைப் பி — இது நான் எழுதியது. எழுதிவிட்டுக் கிழித்தேன். ஒருத்தி கேள்வி கேட்டிருக்கிறாள். பதில் சொல்லாமல் அழுது தப்பிப்பதை முடிவு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு.

அப்பா ஒரு வாய் எடுத்து மென்றார். தைத்து முடித்த சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பாரே, அந்த முகம். கிழங்கைத் தனியாக எடுத்துச் சாப்பிட்டார். கரண்டியைப் பாத்திரத்தின் அடிவரை விட்டு, கருகியதில் கொஞ்சம் சுரண்டி அதையும் வாயில் வைத்தார். தண்ணீர் குடித்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

ஒரு சொல் இல்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா நடுவில் கேள்வி கேட்டாள், அவர் மறுபடி ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். அவளும் தன் தட்டிலிருந்து எடுத்துச் சரிபார்த்தாள், சிலதை ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மேஜையில் அப்பா அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. தங்கையும் மாப்பிள்ளையும் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்பருகில் நின்றேன். எனக்கு எல்லாமே தெளிவாகக் கேட்டது.

அவர் என்ன சொன்னார் என்பதை எழுதமாட்டேன். கேட்டவள் அம்மா, பதிலும் அவளுடையது. நீங்கள் எத்தனை பக்கம் பொறுமையாக வந்திருந்தாலும் சரி.

இரண்டு விஷயம் மட்டும் தருகிறேன். அந்தப் பேச்சின் நடுவில் அம்மா ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு தடவை சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோய், ஜன்னலருகில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். எது முதலில், எது பிறகு என்பதைப் பொறுத்து இந்தக் கதை மாறிவிடும். அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன், உங்கள் வீட்டை மனதில் வைத்துக்கொண்டு தீர்மானியுங்கள்.

அவள் எழுந்துபோய் நின்றபோதும் அப்பா நிறுத்தவில்லை. தட்டையும் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, அவள் பக்கத்தில் போய் நின்று, மீதியையும் சொல்லிக்கொண்டிருந்தார்.